முப்பத்தோராம் பக்கம்

08.01.2024 திங்கள்

புது டயரி. எட்டு நாளாக வெறுமையாகக் கிடக்கிறது. இன்று தொடங்காவிட்டால் இந்த வருடமும் எழுதமாட்டேன்.

ஆமினா உம்மா இன்றும் வந்தார். திங்கட்கிழமை தவறுவதில்லை. காலையில் சந்தையில் மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவி, எங்கள் வீடமைப்புக் கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருவார். கழற்றும்படி யாரும் சொன்னதில்லை. "ஊடு எப்பிடி மிஸ் இரிக்கி?" என்று கேட்பார், ஆசுபத்திரியில் கிடக்கும் ஒருவரை விசாரிப்பதுபோல.

இன்று அவர் குரல் கேட்டதும் நான் பதிவேட்டு அறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஐம்பத்தெட்டு வயது எனக்கு. வீடமைப்பில் முப்பத்திரண்டு வருடம். ஒரு கிழவிக்குப் பயந்து தூசிக்குள் நிற்கிறேன்.

அவர் கேட்கிற 'ஊடு' கந்தோர் யன்னலால் தெரியும். உட்துறைமுக வீதிக்கு அங்கால், மூன்று மாடிவரை எழும்பி, கூரையில்லாமல் நிற்கிறது. கரையோரத் தகரக் கொட்டில்களில் இருக்கிற தொண்ணூற்றாறு குடும்பங்களுக்கான தொடர்மாடிக் குடியிருப்பு. 2019இல் எங்கள் வீடமைப்பு நிதியம் பொதுமக்களுக்குப் பிணைமுறி, அதாவது கடன் பத்திரம், விற்று அந்தப் பணத்தில் கட்டத் தொடங்கியது. ஐந்து வருடத்தில் போட்ட முதல் திரும்பும், அதுவரை வருடா வருடம் வட்டி என்று சொன்னோம். 2022இல் நாடு விழுந்தபோது சீமெந்து மூன்று மடங்கு விலை. வேலை நின்றது. வட்டியும் நின்றது. கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. வீடு கிடைக்கிறவர்களின் பட்டியலில் ஆமினா உம்மா பதினான்காவது.

15.01.2024 திங்கள்

பொங்கவில்லை. கனடாவிலிருந்து தம்பி இராகுலன் போன் எடுத்தான். நாலு நிமிடம் கதைத்தான்.

05.02.2024 திங்கள்

பணிப்பாளர் சசிகரன் இன்று எல்லோரையும் கூப்பிட்டார். முப்பத்தெட்டு வயதுப் பிள்ளை, கெட்டிக்காரன், கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் முகம் வெளிறும்.

விசயம் இதுதான். ஜூன் முடிவில் பிணைமுறி முதிர்கிறது. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. கட்டி முடிக்க மாகாணம் பணம் தரும், ஆனால் ஒரு நிபந்தனை: பிணைமுறி வைத்திருப்பவர்கள் தங்கள் முதலுக்கு இன்னும் பத்து வருடம் பொறுப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றில் எழுபத்தைந்து பங்கு சம்மதம் வேண்டுமாம். எழுபது பங்கு வங்கிகளிடமும் சேமலாப நிதிகளிடமும் இருக்கிறது, அவர்கள் சரி என்றுவிட்டார்கள். மிச்சம் முப்பதும் சின்ன ஆட்களிடம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், இருநூற்றுச் சொச்சப் பேர். சம்மதம் கிடைக்காவிட்டால் காணியை விற்பார்கள். ஹோட்டல் கட்ட ஒரு கொம்பனி காத்திருக்கிறது. விற்றால் முதலிட்டவர்களுக்குப் பாதிகூட வராது. தொண்ணூற்றாறு குடும்பத்துக்கு ஒன்றுமே வராது.

கையெழுத்து வாங்குகிற வேலை எனக்கு.

"உங்களை எல்லாருக்கும் தெரியும் மிஸ். நீங்கள் போனால் வைப்பினம்" என்றார்.

2019இல் பிணைமுறி விற்க அனுப்பும்போது அப்போதிருந்த பணிப்பாளரும் இதையேதான் சொன்னார்.

22.02.2024 வியாழன்

இரண்டு கிழமையில் பத்தொன்பது கையெழுத்து.

கையில் தந்திருக்கிற கடிதம் ஒரே ஒரு தாள். 'தற்காலிக நீடிப்பு' என்று இருக்கிறது. பத்து வருடம் என்பது கடைசி வரியில், சின்ன எழுத்தில். முதல் நாலு வருடம் வட்டியே இல்லை என்பது எங்கும் இல்லை.

இன்று லிங்கநகரில் சோமசேகரம் ஐயா வீடு. ஓய்வுபெற்ற தபாலதிபர். கடிதத்தைக் கையில் வாங்கினார், கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், பிறகு மடியில் வைத்துவிட்டு, "நீங்கள் சொன்னால் சரிதானே பிள்ளை, எங்க வைக்கிறது?" என்று பேனையைக் கேட்டார். நான் இடத்தைக் காட்டினேன். விரலால் காட்டினேன். மருமகள் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் இருந்தேன். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு என் காலடிவரை வந்தது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

01.03.2024 வெள்ளி

கையெழுத்து வாங்கவேண்டியவர்களின் பட்டியலில் எண்பத்தெட்டாம் பெயர் பூரணி. மூன்று தரம் தாண்டிப் போய்விட்டேன்.

எழுதித்தான் பார்ப்போமே. 1993இல் உவர்மலையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அவள் கணக்கு ரீச்சர், நான் புதுக் கிளாக்கர். அவள் கலியாணம் முடித்துப் போனாள், நான் முடிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் கடற்கரையில் நடப்பதை மட்டும் விடவில்லை. அவள் புருசன் செத்த பிறகும், மகன் கிருஷாந்த் அவுஸ்திரேலியா போன பிறகும் நடந்தோம். இருபத்தொன்பது வருடம். வேறு யாரோடும் நான் இவ்வளவு கதைத்ததில்லை.

ஓய்வூதியத்தோடு வந்த மொத்தப் பணத்தையும் அவள் பிணைமுறியில் போட்டாள். நான் கேட்டதால் போட்டாள்.

2022 ஆடியில் கந்தோருக்கு வந்தாள். எல்லார் முன்னாலும் கேட்டாள், "என்ர காசு எங்க, கமலா?" அவள் கேட்டதில் பிழையே இல்லை. நான் என்ன சொன்னேன்? "நீங்கள் எழுத்தில தாங்கோ, பணிப்பாளருக்கு அனுப்புவம்."

நீங்கள் என்றேன். அவளை. வாழ்க்கையில் முதல் தரம்.

அவள் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு கதை இல்லை. சனிக்கிழமைகளில் நான் உடுப்புத் தோய்க்கிறேன்.

09.03.2024 சனி

நேற்றுச் சிவராத்திரி. கோயில் வீதி முழுக்கச் சனம். இன்று பாலையூற்றுக்குப் போனேன்.

பூரணி கதவைத் திறந்தாள். கையில் ஊன்றுகோல். இரண்டு முழங்காலும் வீங்கி, கால் வளைந்துபோய் — இரண்டு வருடத்துக்கு முன் என்னை முந்தி நடந்தவள். ஒப்பரேசன் செய்யவேணும் என்று அப்போதே டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அந்தக் காசு எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். மூன்று மாடி உயரத்தில் நிற்கிறது.

"இருங்கோ" என்றாள். நீங்கள். அவளும்.

கடிதத்தை வாங்கி, பென்சில் எடுத்து, கொப்பி திருத்துவதுபோல வாசித்தாள். கடைசி வரியின் கீழ் கோடு போட்டாள். மறுபக்கத்தைப் புரட்டினாள், வெறுமை. இவ்வளவுதானா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"இது கடிதம். ஒப்பந்தம் எங்க? முழுசாக் கொண்டுவாங்கோ. பிறகு கதைப்பம்."

தேத்தண்ணி தரவில்லை. வாசல்வரை வந்து கேற்றைச் சாத்தினாள். கொக்கி போடுகிற சத்தம் கேட்டது.

10.03.2024 ஞாயிறு

இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. எழுதியும் வைக்கவில்லை.

2019இல் விற்ற பிணைமுறிக்கு ஒரு விளக்கப் புத்தகம் இருந்தது. நாற்பது பக்கம். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பந்தி: இந்தப் பிணைமுறிக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளிக்கவில்லை. நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் வீடு வீடாகப் போனேன். அரசாங்கம் பின்னால் நிற்கிறதா என்று யாராவது கேட்டால், "அரசாங்கக் கந்தோர்தானே ஐயா" என்றேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ஏன் சொல்லவில்லை? விற்காவிட்டால் வீடு எழும்பாது என்று நினைத்தேன். தகரக் கொட்டிலுக்குள் மழைத்தண்ணி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன், அதுதான் காரணம் என்று நினைத்தேன். அது மட்டும்தானா? அதிகம் விற்றது நான் என்று அந்த வருடம் மேடையில் வைத்துச் சொன்னார்கள். மாலை போட்டார்கள். அதுவும்தான்.

12.03.2024 செவ்வாய்

முழு ஒப்பந்தத்தையும் பிரதியெடுத்துக் கொடுக்கலாமா என்று சசிகரனிடம் கேட்டேன். சனத்தைக் குழப்பவேண்டாம் என்றார். பிணைமுறி வைத்திருக்கிற எவரும் கந்தோருக்கு வந்து பார்க்க உரிமை உண்டு என்று விதியில் இருக்கிறதே என்றேன். வந்தால் காட்டுவோம், நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை என்றார். கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தார். "எனக்கும் அந்தக் கட்டடம் முடியவேணும் மிஸ்" என்றார். நம்புகிறேன்.

மத்தியானம் பிரதான வீதியில் ஒரு கடையில் பிரதியெடுத்தேன். என் காசில். கடைக்காரன் தாள்களை அடுக்கித் தரும்வரை வீதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

17.03.2024 ஞாயிறு

பூரணி வீட்டு விறாந்தை. தாள்களை மேசையில் வைத்தேன். இருக்கச் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். முப்பத்தோராம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று, தெரிந்துகொண்டுதான் அவளிடம் வந்தேன் என்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும். நானும் வாசிச்சனான். நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவ்வளவுதான் சொன்னாள்.

நான் பஸ்ஸில் வீடு வரும்வரை ஒன்றும் நினைக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றும்போதுதான் விளங்கியது. என்னெண்டு அவள் போட்டாள்? தெரிஞ்சும் ஏன் போட்டாள்? நான் வாய் திறக்கேல்லை, அவளும் கேக்கேல்லை. ரெண்டு பேரும் அந்த மேசைக்கு ரெண்டு பக்கமும் இருந்து, நான் பேனையை நீட்ட, அவள் வாங்கி — கடவுளே. அவள் காசையல்ல, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேறவில்லை.

24.03.2024 ஞாயிறு

மேசை லாச்சிக்குள் இருந்த பத்தொன்பது கையெழுத்தையும் இன்னும் கையளிக்கவில்லை. ஜூனில் வாக்கெடுப்புக் கூட்டம் நடக்கும்வரை யாரும் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

இன்று முதலில் சோமசேகரம் ஐயா வீட்டுக்குப் போனேன். தாளைத் திருப்பிக் கொடுத்து, இதை நான் சரியாகச் சொல்லித் தரவில்லை என்றேன். அவர் திடுக்கிடவில்லை. "எனக்கு இப்ப எழுத்துத் தெரியிறேல்லை பிள்ளை, வாசியுங்கோ" என்றார். முழுவதையும் வாசித்தேன். வட்டியில்லாத நாலு வருடம், பத்து வருடம், காணி விற்பனை, எல்லாம். ஒன்றரை மணித்தியாலம். நடுவில் மருமகள் வந்து கதவோரம் நின்று கேட்டாள்.

அவருக்கு எண்பத்தொன்று. பத்து வருடம் என்றதும் சிரித்தார். பிறகு, யோசிக்கவேணும் என்றார். தாளைத் தலையணைக்குக் கீழ் வைத்தார்.

இன்னும் பதினெட்டு வீடு.

06.04.2024 சனி

பத்தொன்பதும் கொடுத்து முடிந்தது. ஒரு வீட்டில் பேச்சு வாங்கினேன். ஒரு வீட்டில் கேற்றே திறக்கவில்லை, தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

13.04.2024 சனி

வருடப்பிறப்பு. கைவிசேசக் காசு தர ஆளில்லை, வாங்கவும் இல்லை.

29.04.2024 திங்கள்

இன்று ஆமினா உம்மாவைக் கண்டு ஒளிக்கவில்லை. கதிரையை இழுத்து இருக்கச் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன். வாக்கெடுப்பு இருக்கிறது, அது தோற்றால் வீடு இல்லை, அதில் கையெழுத்து வைக்கமாட்டோம் என்பவர்களுக்கும் தங்கள் நியாயம் இருக்கிறது.

மூதூரிலிருந்து 2006 சண்டைக்குள் பிள்ளைகளோடு இறங்கி வந்தது, இரண்டு கிழமைக்கென்று அடித்த தகரம் பதினெட்டு வருடமாய் நிற்பது, எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. காசு போட்டவர்கள் யார் என்று கேட்டார். ரீச்சர்மார், தபால்காரர், கடைக்காரர் என்றேன். அவர்கள் பணக்காரர் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்தேன் என்றார்.

பிறகு, அவர்களில் கோபமாய் இருக்கிற ஒரு ஆளின் விலாசம் தரும்படி கேட்டார். கொடுத்திருக்கக்கூடாது. பூரணியின் விலாசத்தைக் கொடுத்தேன்.

06.05.2024 திங்கள்

ஆமினா உம்மா பாலையூற்றுக்குப் போய்வந்தாராம். மகள் ஸல்ஹாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை பாரைமீனோடு.

"அந்த டீச்சர் கோவக்காரி. மீன வாங்கல்ல. ஆனா தேத்தண்ணி தந்தாவு, கால நீட்டி இருந்துதான் கதச்சாவு."

என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். முழங்கால் நோவைப் பற்றி என்றார். வீட்டைப் பற்றி? அதைக் கடைசியில் கொஞ்சம்.

17.05.2024 வெள்ளி

நிதியத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நூற்றெழுபத்தொரு பேர் கையெழுத்து. எழுத்து பூரணியுடையது, உறையைப் பார்த்ததுமே தெரிந்தது.

முழு ஒப்பந்தத்தையும் வாசித்துக் கணக்குப் பார்த்திருக்கிறாள். சின்ன ஆட்கள் முப்பது பங்கில் இருபத்தேழு இப்போது ஒரே பக்கம். அவர்கள் இல்லாமல் எழுபத்தைந்து வராது. ஆகவே அவர்கள் கேட்பது: சின்ன ஆட்களின் முதலை ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு தவணையில் கொடுங்கள். நின்றுபோன வட்டியை நாங்கள் விட்டுவிடுகிறோம். பத்து வருடம் பொறுப்பது வங்கிகளும் நிதிகளும் மட்டும். காணியை விற்றால் அவர்களுக்கும் பாதிக்குமேல் நட்டம்தானே, ஒப்புக்கொள்வார்கள். இதற்கு இணங்கினால் நாங்களும் சம்மதம், வீட்டைக் கட்டி முடியுங்கள்.

சசிகரன் இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னைக் கேட்டார், ஒப்பந்தம் அவர்கள் கைக்கு எப்படிப் போனது. நான்தான் கொடுத்தேன் என்றேன். கையெழுத்துத் தாள்கள்? திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

யன்னல் பக்கம் திரும்பி நின்றார். "இதை நான் கொழும்புக்குச் சொல்லத்தான் வேணும் மிஸ்."

ஓம் என்றேன்.

12.06.2024 புதன்

நகர மண்டபம். மின்விசிறி இரண்டு வேலை செய்யவில்லை. முன்வரிசையில் வங்கிக்காரர்கள், பின்னால் குடையும் பையுமாகச் சின்ன ஆட்கள். நான் வாசலோரம் கைச்சாத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில்.

பூரணி மேடைக்கு ஏறவில்லை. ஏற ஏலாது. இருந்த இடத்தில் ஊன்றுகோலைப் பிடித்து எழும்பிப் பேசினாள், வகுப்பில் பேசுகிற குரலில், பேப்பர் பார்க்காமல். எங்களுக்கு வயது போய்விட்டது, பத்து வருடம் எங்களிடம் இல்லை, வங்கியிடம் இருக்கிறது என்றாள். பிறகு, எங்கட காசு கம்பியாயும் சீமெந்தாயும் அங்கே நிற்குது, அதை ஹோட்டல்காரனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதுக்குள்ள குடியிருக்கப்போற ஆளை நான் கண்டிட்டன் என்றாள்.

வங்கிக்காரர் வெளியே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்தார்கள். ஒரு மணித்தியாலம். சோமசேகரம் ஐயா கதிரையில் நித்திரையாகிவிட்டார்.

சின்ன ஆட்கள் கேட்டபடியே நிறைவேறியது. எண்பத்தொன்பது பங்கு.

சனம் கலையும்போது பூரணி என்னைக் கடந்து போனாள். கைச்சாத்துப் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. ஓட்டோவில் ஏற யாரோ கை கொடுத்தார்கள். நான் கதிரைகளை அடுக்கினேன்.

01.07.2024 திங்கள்

இடமாற்றம். கந்தளாய் உப அலுவலகம், உடனடியாக. நான் குடியிருக்கிற உவர்மலை அரசாங்க விடுதியையும் இந்த மாத முடிவுக்குள் ஒப்படைக்கவேண்டும். கடிதத்தில் காரணம் 'சேவைத் தேவை'.

சசிகரன் கடிதத்தைத் தன் கையால் கொண்டுவந்து தந்தார். நான் கோபப்படவில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

18.08.2024 ஞாயிறு

கந்தளாய். குளக்கட்டுக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின்னறை. சிங்களக் குடும்பம், நல்ல மனிதர்கள். அவர்களுடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஒரே அளவு என்பதால் தண்ணீர், கரண்ட், மழை, இவற்றோடு கதை முடிந்துவிடும்.

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை குடும்பத்துக்கு வீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன் என்று இன்று யோசித்தேன். எனக்கென்று ஒன்று கேட்க ஏனோ தோன்றவில்லை. விடுதி இருந்தது. பிறகு பார்ப்போம் என்று இருந்தது. இப்போது ஒரு ரங்குப்பெட்டி, ஒரு மின்விசிறி, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் உடுப்பு மடித்து வைக்கிறேன்.

பின்னேரம் குளக்கட்டில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் யாரும் என்னை அறியாதவர்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து இன்றுவரை நான் வாய்விட்டுச் சொன்ன சொற்களை எண்ணிப் பார்க்கலாம் போலிருந்தது.

27.11.2024 புதன்

மூன்று நாளாகப் புயல் மழை. பஸ் இல்லை. ஸல்ஹாவுக்கு எடுத்தேன், கொட்டிலுக்குள் இடுப்பளவு தண்ணீர், எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். கூரை போட்டாயிற்றா என்று கேட்டேன். தொடர்மாடிக்குத்தான் கேட்டேன். போடுகிறார்கள் மிஸ், மழையால் நிற்கிறது என்றாள்.

பூரணியின் இலக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். அழுத்தவில்லை.

31.01.2025 வெள்ளி

கைத்தொலைபேசியில் ஒரு செய்தி.

'முதல் தவணை கிடைத்தது. பூரணி.'

பற்றுச்சீட்டு மாதிரி. மத்தியானம்வரை அதைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் எழுத வந்ததெல்லாம் கூடிப்போன மாதிரி இருந்தது. 'நல்லது. கமலா' என்று அனுப்பினேன்.

21.06.2025 சனி

சாவி கொடுக்கிற விழா. அழைப்பு வரவில்லை. காலை பஸ்ஸில் போனேன்.

வெள்ளையும் நீலமுமாகப் பூச்சு அடித்திருக்கிறார்கள். மேடை, ஒலிபெருக்கி, மாலைகள். நான் பின்னால் தண்ணீர்த் தாங்கியோரம் நின்றேன். சசிகரன் மேடையிலிருந்து என்னைக் கண்டார். பெயர் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

ஆமினா உம்மாவுக்கு மூன்றாம் மாடி. குலுக்கலில் விழுந்தது. அவரோடு ஏறினேன். இரண்டு இடத்தில் இருந்து மூச்சு வாங்கினார். கதவைத் திறந்து, குசினியைப் பார்த்து, குழாயைத் திறந்து மூடி, யன்னலால் எட்டிப் பார்த்தார். துறைமுகம் முழுவதும் தெரிந்தது, சீமெந்துக் கப்பல் ஒன்று நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை, கீழே முற்றத்தைத்தான் பார்த்தார்.

"மீன எங்க மிஸ் காயப்போடுற?"

மொட்டைமாடியைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன். ஸல்ஹா சிரித்தாள். பிறகு ஆமினா உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த டீச்சரும் வந்திருந்தாவு, படி ஏற ஏலாம கீழயே நிண்டுட்டுப் போயிட்டாவு என்றார்.

இறங்கி ஓடினேன். ஓடினேன் என்றால், இந்த வயதில் முடிந்தளவு. வீதியில் யாரும் இல்லை.

29.08.2025 வெள்ளி

அறுபது முடிந்தது. ஓய்வு. கந்தளாய்க் கந்தோரில் றோல்ஸ், கேக், இரண்டு பேச்சு. ஒரு வருடம் மட்டும் கூட வேலை செய்தவர்கள், பாவம், என்னைப் பற்றி என்ன பேசுவது என்று தேடினார்கள்.

நாளைக்கு எத்தனை மணிக்கு எழும்புவது?

03.09.2025 புதன்

பூரணி போன் எடுத்தாள். குரல்.

இரண்டாவது தவணையும் கிடைத்துவிட்டதாம். கண்டியில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் முழங்காலுக்கு நாள் குறித்திருக்கிறாள், முதலில் வலதுகால். கிருஷாந்துக்கு லீவு இல்லை. கூட நிற்க ஒரு ஆள் வேண்டும் என்கிறார்களாம். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள், எழுதி வைத்து வாசித்தவள்போல. பிறகு லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நீ வருவியா?"

வாறன் என்றேன்.

16.09.2025 செவ்வாய்

கண்டி. குளிர். ஒப்பரேசன் காலையில் முடிந்தது, நன்றாகச் செய்திருக்கிறோம் என்றார் டொக்டர். படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. எழுதாமல் வைத்திருந்தேன். மயக்கம் தெளிந்ததும் பூரணி அதை வாங்கிப் பார்த்து, "சிநேகிதி எண்டு எழுதன், இதுக்கு என்ன யோசனை" என்று எரிந்து விழுந்தாள். எழுதினேன்.

பின்னேரம் அவள் நோவில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

முப்பத்தோராம் பக்கத்தைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டாள். அதை அதாகவே எடுத்துக்கொள்ளவேண்டும்.

05.10.2025 ஞாயிறு

பாலையூற்று. ஒப்பரேசன் முடிந்து மூன்று கிழமையாகிறது. காலையும் மாலையும் பூரணியை விறாந்தையில் நடத்துகிறேன். எண்ணிக்கொண்டு நடப்பாள், பிழையாக எண்ணினால் திரும்பத் தொடங்குவாள். இன்று குசினிவரை ஒன்றையும் பிடிக்காமல் போனாள்.

மத்தியானம் சாப்பிடும்போது, இனி நான் கந்தளாய்க்குப் போகவேண்டும், அறை வாடகை சும்மா ஓடுகிறது என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே முன்னறை பூட்டித்தான் கிடக்குது என்றாள். எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்தேனோ தெரியாது.

"சும்மா இல்லை, வாடகை எடுப்பன்" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். அதைப் பிறகு பார்ப்பம், முதலில் சாமானைக் கொண்டுவா என்றாள்.

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறேன். ரங்குப்பெட்டி, மின்விசிறி, இரண்டு கதிரை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, சின்ன லொறி ஒன்று பிடித்து, பின்னேரத்துக்குள் திரும்பவேண்டும். இடியப்பம் அவிக்கப் போகிறாளாம். பிந்தினால் ஏசுவாள்.